கேஷ்: பெட்டியில் பிறந்ததும் காசில் பிறந்ததும்

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் அதில் இருக்கும். 'கேட்டமரன்', 'செரூட்', 'மல்லிகடாவ்னி' என்று உருமாறிய அந்த மூன்றின் தமிழ்ப் பிறப்பை அகராதிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. அதே பட்டியலில் தவறாமல் இடம்பிடிக்கும் இன்னொரு சொல் 'கேஷ்'. காசு, கேஷ்: ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று மேடைப் பேச்சாளர்களும் வாட்ஸ்அப் அறிஞர்களும் கேட்கிறார்கள்.

அகராதிகளைப் புரட்டினால் வழக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. ஆங்கிலத்தின் பெரிய சொற்பிறப்பு அகராதிகள் 'கேஷ்' என்பதை ஒரே சொல்லாக எண்ணுவதே கிடையாது. ஒரே எழுத்துக்கூட்டலின் கீழ் இரண்டு தலைச்சொற்களை வைக்கின்றன. ஒன்றின் பொருள் ரொக்கம். மற்றொன்றின் பொருள், ஆசியாவில் புழங்கிய மிகக் குறைந்த மதிப்புள்ள செப்பு நாணயம். இரண்டும் வெவ்வேறு கண்டங்களில் பிறந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில் லண்டன் அச்சகங்களுக்கு வந்து சேர்ந்தவை.

பெட்டியின் கதை

ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' லத்தீன் மொழியின் 'காப்ஸா'விலிருந்து தொடங்குகிறது. ரோமானியர்கள் ஏட்டுச் சுருள்களை அடுக்கி எடுத்துச் சென்ற உருளைப் பெட்டிக்கு அந்தப் பெயர். பற்று, கொள் என்று பொருள்படும் 'காப்பெரே' என்ற வினைதான் அதற்கும் வேர். மருந்துக்கடையில் வாங்கும் கேப்ஸ்யூல், பாட்டு கேட்ட கேசட், மூக்குக்கண்ணாடி வைக்கும் கேஸ், லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ் ஆகிய எல்லாமே இந்தக் காப்ஸாவின் வாரிசுகள்.

இத்தாலிய மொழியில் காப்ஸா 'காஸ்ஸா' ஆயிற்று. வணிகமும் வங்கித் தொழிலும் கொழித்த இத்தாலிய நகரங்களில் கடைக்காரரின் பணப்பெட்டியை அப்படித்தான் அழைத்தார்கள். இரட்டைப் பதிவுக் கணக்கு முறை ஐரோப்பா முழுவதும் பரவியபோது இத்தாலியரின் கணக்குச் சொற்களும் கூடவே பரவின. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வழியாகவோ நேரடியாக இத்தாலியிலிருந்தோ ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. லண்டனில் வாழ்ந்த ஜான் புளோரியோ 1598இல் தமது இத்தாலிய–ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதில் காஸ்ஸாவுக்குப் பெட்டி என்று பொருள் சொல்லும்போது, வணிகரின் பணப்பெட்டியைக் குறிக்க 'கேஷ்' என்ற சொல்லையே பயன்படுத்தியிருக்கிறார். அதாவது, ஆங்கிலத்தில் கேஷ் நுழைந்தபோது அது பணத்தை மட்டும் குறிக்கவில்லை. பணம் வைக்கும் பெட்டியையும் குறித்தது.

பெட்டியின் பெயர் உள்ளிருக்கும் பணத்துக்கு மாறுவது மொழிகளில் அடிக்கடி நடப்பதுதான். லத்தீனில் 'ஃபிஸ்கஸ்' என்றால் கூடை. அது அரசுக் கருவூலத்தைக் குறிக்கத் தொடங்கி, இன்று நிதி தொடர்பான 'ஃபிஸ்கல்' என்ற சொல்லாக நாடாளுமன்றங்களில் அடிபடுகிறது. ஆண்டுதோறும் நிதியமைச்சர் வாசிக்கும் 'பட்ஜெட்' ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரரின் சிறிய தோல்பை. தமிழிலும் கடையின் கல்லாப்பெட்டி, 'படம் நன்றாகக் கல்லா கட்டியது' என்னும்போது வசூலாகிவிடுகிறது. 'உண்டியல்' என்ற ஒரே சொல் கோயில் காணிக்கைப் பெட்டியையும் வணிகர்களின் பணமாற்றுச் சீட்டையும் குறிக்கிறது. கேஷ் நடந்ததும் இதே பாதையில்தான். பெட்டி, பெட்டியிலிருக்கும் பணம், கடனாக இல்லாமல் கையில் எண்ணிக் கொடுக்கும் ரொக்கம் என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. ஐரோப்பாவின் மற்ற மொழிகள் இன்னும் பெட்டியை விடவில்லை. ஜெர்மானியரின் 'கஸ்ஸே', ரஷ்யரின் 'காஸா' இரண்டுக்கும் பணம் கட்டும் இடம் என்றுதான் பொருள். ரஷ்ய ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்கும் ஜன்னலுக்கு மேலே எழுதியிருப்பதும் அதுவே.

காசின் கதை

தமிழில் காசு பணப்புழக்கச் சொல்லாகப் பல நூற்றாண்டுகளாக வழங்கிவருகிறது. 7ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோது திருவீழிமிழலையில் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அளித்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் பெற்ற காசு கடைத்தெருவில் முழு மதிப்புக்குச் செல்லுபடியானது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வணிகர்கள் வாசி, அதாவது மாற்றுக் கழிவு கேட்டார்கள். அந்த வாசியைத் தீர்த்துத் தரும்படி சம்பந்தர் பாடிய பதிகம் தேவாரத்தில் இருக்கிறது. நாணயத்தின் தரத்தைச் சோதித்துக் கழிவு பிடிக்கும் வழக்கம் அன்றைக்கே இருந்ததற்கு இது நல்ல சான்று.

சோழர் கல்வெட்டுகளில் காசு இல்லாத பக்கம் குறைவு. தஞ்சைப் பெரியகோயிலுக்கு விடப்பட்ட அறக்கொடைகளை ஊர்ச் சபைகள் முதலாகப் பெற்று வட்டி செலுத்தின. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பலிசை என்பது அங்கே திரும்பத் திரும்ப வரும் கணக்கு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஈழக்காசு, பழங்காசு, அன்றாடு நற்காசு என்று வகைகளும் பல. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'காசு', மலையாளத்தில் 'காசு'க்குச் சற்றே மாறிய ஒலிப்பு, சிங்களத்தில் 'காசி' என்று சொல் தெற்கு முழுவதும் பரவியிருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய்.

இந்தச் சொல்லை ஐரோப்பியர் காதில் வாங்கிய காலமும் தெரிகிறது. போலோஞா ஊரைச் சேர்ந்த லுடோவிக்கோ டி வர்த்தேமா தென்னிந்தியாவில் சுற்றிவிட்டுத் திரும்பி, 1510இல் ரோமில் தம் பயணநூலை அச்சிட்டார். 16 'காஸ்' சேர்ந்தால் 'தாரம்' என்ற ஒரு வெள்ளிக்காசு என்று அதில் குறித்திருக்கிறார். அவர் காதில் விழுந்ததை ஏறக்குறைய அப்படியே எழுதிவிட்டார். போர்த்துகீசியர் அப்படி எழுதவில்லை. அவர்கள் எழுதியது 'காய்ஷா'.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. போர்த்துகீசிய மொழியில் காய்ஷா என்றால் பெட்டி. அதே லத்தீன் காப்ஸாவின் போர்த்துகீசிய வடிவம்! புதிய நாட்டில் புதிய நாணயத்தின் பெயரைக் கேட்டவர்கள், தங்களுக்குப் பழக்கமான பெட்டியின் பெயரை அதற்குச் சட்டையாக மாட்டிவிட்டார்கள். அந்தச் சட்டையோடுதான் காசு கடல் கடந்து கிழக்கே போனது. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு இருந்த துறைமுகம் அது. நைனா சட்டு என்ற தமிழ் வணிகரையே போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் அங்கே பெண்டஹாரா என்ற உயர் பதவியில் அமர்த்தினார். ஜாவாவில் புழங்கிய, நடுவில் துளையுள்ள சீனச் செப்பு நாணயங்களையும் போர்த்துகீசியர் காய்ஷா என்றே அழைத்தார்கள்.

டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் எழுதிய ஆசியப் பயணநூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் வெளியான ஆண்டு 1598. ஜாவாவின் சுந்தா நாட்டில் காய்ஷா என்ற செப்புக்காசைத் தவிர வேறு நாணயம் இல்லை என்றும், துளையில் கயிறு கோத்து இருநூறு, ஆயிரம் என்று சரமாகக் கட்டுகிறார்கள் என்றும் அதில் வருகிறது. புளோரியோவின் அகராதியும் அதே 1598, அதே லண்டன். ஒரு புத்தகத்தில் பெட்டி, இன்னொரு புத்தகத்தில் காசு.

நான்கு கொடிகள், நான்கு எழுத்துக்கூட்டல்

சோழமண்டலக் கரைக்கு வந்து இறங்கிய ஒவ்வொரு ஐரோப்பிய நாட்டாரும் காசுக்குத் தங்கள் மொழியின் வாடையைப் பூசினார்கள். போர்த்துகீசியருக்குக் காய்ஷா. ஆங்கிலேயருக்குக் கேஷ். 1620இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் ஈயத்திலும் செம்பிலும் 'காஸ்' நாணயங்களை அடித்தார்கள். அவர்கள் மொழியில் பணப்பெட்டி 'கஸ்ஸே'. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும் காலம்வரை அந்தக் காஸ் கணக்கு உயிரோடு இருந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய 'காஷ்' என்ற வடிவம், அவர்கள் மொழியில் ஒளிவிடம் என்ற சொல்லோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது.

ஆங்கிலேயர் செய்த மாற்றத்தின் விளைவு மட்டும் மற்றவர்களுடையதைவிடப் பெரிது. காரணம், அவர்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த கேஷுக்குப் பணம் என்ற பொருள் ஏறிவிட்டிருந்தது. பெட்டிக்கும் காசுக்கும் இடையில் இருந்த வேறுபாடு ஆங்கிலத்தில்தான் முழுவதுமாக அழிந்தது.

1639க்குப் பிறகு சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கணக்கு எழுதிய கம்பெனி எழுத்தர்களை நினைத்துப் பார்க்கலாம். கஜானா இருப்பும் கேஷ். அந்த இருப்பை எண்ணும் மிகச் சிறிய அலகும் கேஷ். 80 காசு ஒரு பணம், அதாவது ஃபனம். 42 ஃபனம் ஒரு நட்சத்திர வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் வெள்ளி ரூபாய் அளவுகோலாகும்வரை சென்னை மாகாணம் இந்த வாய்பாட்டில்தான் கணக்குப் பார்த்தது.

1803இல் இந்தக் காசுகள் இங்கிலாந்திலேயே அச்சாயின. பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச் சாலையில் நீராவி எந்திரங்கள் அடித்த செப்பு நாணயங்கள் அவை. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் ரோமன் எண்ணில் பத்து அல்லது இருபது, அதை அடுத்து ஆங்கிலத்தில் 'கேஷ்', அதற்கு மேல் பாரசீக எழுத்தில் இருபது 'காஸ்' நான்கு ஃபலூஸ் என்பது போன்ற விளக்கம். தமிழ்ச் சொல் ஒன்று ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் பொறிக்கப்பட்டு, பர்மிங்காமிலிருந்து தமிழரிடமே செலவுக்கு வந்தது.

எல்லாக் காசும் வந்து சேரவில்லை. சென்னைக்கான செப்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கி உடைந்தது. அதிலிருந்த நாணயங்களின் எடை சுமார் 48 டன். 1980களில் மூழ்காளர்கள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை வெளியே எடுத்தார்கள். இன்று உலகெங்கும் நாணயம் சேகரிப்போரிடம் பளபளப்புக் குறையாத 1808ஆம் ஆண்டுக் காசுகள் கிடைப்பதற்கு அந்த விபத்தும் ஒரு காரணம்.

சீனாவில் ஒட்டிக்கொண்ட பெயர்

சீனர்கள் தங்கள் வட்ட நாணயத்தை ஒருபோதும் கேஷ் என்று சொன்னதில்லை. 'சியென்', 'வென்' என்பவை அவர்கள் சொற்கள். கி.மு. 221இல் சின் அரசு நாட்டை ஒன்றாக்கியபோது சதுரத் துளையுள்ள வட்ட நாணயத்தைப் பொதுவாக்கியது. கி.பி. 621இல் டாங் அரசர்கள் வெளியிட்ட நாணயம் அடுத்த ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்மாதிரி ஆனது. அவை அச்சடிக்கப்பட்டவை அல்ல, வார்க்கப்பட்டவை. கயிற்றில் கோத்த 1,000 நாணயம் ஒரு சரம். போர்த்துகீசியரின் காய்ஷாவைப் பின்பற்றி ஆங்கிலேயர்கள் இவற்றுக்கும் கேஷ் என்று பெயரிட, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1900களின் தொடக்கத்தில் ஹூபே, குவாங்டங் மாகாணங்கள் வெளியிட்ட நாக உருவச் செப்பு நாணயங்களின் விளிம்பில் 'டென் கேஷ்' என்று ஆங்கிலத்திலேயே பொறித்திருக்கிறது. சென்னைக்காக 1803இல் அடித்த பத்துக் காசுக்கும், பேரரசின் கடைசி நாட்களில் சீனா அடித்த பத்துக் காசுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்.

துளையுள்ள சீனக் காசுகளைத் தமிழர் கண்டது இதற்கெல்லாம் நெடுங்காலம் முன்பே. 1077இல் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சோங் அரசவைக்குப் போனது. கொண்டுபோன பொருள்களுக்கு ஈடாக அவர்களுக்கு 81,800 சரம் செப்புக்காசு கொடுக்கப்பட்டதாகச் சீன ஆவணம் கூறுகிறது. சரத்துக்கு ஆயிரம் என்று கொண்டால் எட்டுக் கோடிக்கும் மேல். தஞ்சை வட்டாரத்தில் சீனச் செப்புக்காசுப் புதையல்கள் கிடைத்திருப்பதும் இந்தக் கடல் வணிகத்தின் தடயமே.

தீர்ப்புக்கு நான்கு சோதனை

'கேஷ்' தமிழா என்ற கேள்விக்கு மூன்று விடைகள் புழக்கத்தில் உண்டு. முழுக்கத் தமிழ் என்பது ஒன்று. தமிழுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்பது அதற்கு நேர் எதிர். இரண்டு சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன என்பது மூன்றாவது.

முதல் விடை நான்கு சோதனைகளிலும் தோற்கிறது. முதலாவது, பொருள். ரொக்க 'கேஷ்' ஆங்கிலத்தில் நுழைந்தபோது பெட்டி என்ற பொருள் அதில் இருந்தது. காசு எந்தக் காலத்திலும் பெட்டியைக் குறித்ததில்லை. இரண்டாவது, காலம். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது 1600 டிசம்பர் 31ஆம் நாள். அதற்கு முன்பே லண்டன் வணிகரின் மேசையில் கேஷ் இருந்தது. மூன்றாவது, சுற்றம். தமிழகத்தைப் பார்த்தேயிராத ஜெர்மானியரும் ரஷ்யரும் அதே வேர்ச்சொல்லை அதே தொழிலுக்குப் பயன்படுத்துகிறார்கள். நான்காவது, சொல் சென்ற பாதை: இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து என்று ஒவ்வொரு படியும் தெரிகிறது.

இதே சோதனைகளை நாணய 'கேஷ்' மீது வைத்தால் இரண்டாவது விடை தோற்கிறது. குறைந்த மதிப்புள்ள நாணயம் என்ற பொருள், 1510 முதலான பயணிகளின் குறிப்புகள், தென்னிந்திய மொழிகளில் உள்ள உறவுச் சொற்கள், மலாக்கா, ஜாவா வழியாகச் சென்ற பாதை ஆகிய எல்லாம் காசை நோக்கியே கைகாட்டுகின்றன. ஹென்றி யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன்–ஜாப்சன்' அகராதி இதைத்தான் சொல்கிறது. பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்து, அரண்மனைச் சுவடிகளைப் பட்டியலிட்டவர். அப்படிப்பட்டவரின் அகராதியே தமிழ்க் காசிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, தங்களுக்கு அகப்படாத ஏதோ ஒரு கொங்கணி வடிவத்துக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எனவே நிற்பது மூன்றாவது விடை.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்குப் பக்கத்து வீட்டுச் சொற்களே போதும். ராணுவ அதிகாரியைப் பதவி நீக்குவதற்கு ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்றொரு வினை உண்டு. அதற்கும் வங்கிக் கேஷியருக்கும் உறவில்லை. அது உடைத்தல், ரத்து செய்தல் என்ற பிரெஞ்சு வினையின் வழி வந்தது. முந்திரியைக் குறிக்கும் 'கேஷ்யூ', 'காசுக்கு எட்டு' என்று கேரளத்தில் கூவி விற்றதிலிருந்து பிறந்ததாக ஒரு கதை உலவுகிறது. மரமும் பெயரும் பிரேசிலிலிருந்து வந்தவை. தூப்பி மக்களின் 'அகாஜூ'வைப் போர்த்துகீசியர் 'காஜு' ஆக்கினார்கள்.

தமிழிலேயே பின்னாளில் நடந்த ஒரு காரியமும் குழப்பத்தை வளர்த்தது. வங்கிகள் வந்தபோது கேஷியருக்குக் 'காசாளர்' என்றும் செக்குக்குக் 'காசோலை' என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டும் அழகான ஆக்கங்கள். ஆனால் பெட்டிக்காரர் என்ற பொருளில் தொடங்கிய ஆங்கிலச் சொல், காசை ஆள்பவர் என்று தமிழில் பெயர்ந்ததும், இரண்டும் ஒரே குடும்பம் என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் உறுதிப்பட்டுவிட்டது.    

தீராத பக்கம்

ஆங்கிலப் பக்கத்துக் கணக்கு இவ்வளவில் நேராகிவிடுகிறது. தமிழ்ப் பக்கத்துக் கணக்கு அப்படி இல்லை. காசு என்ற சொல்லே எங்கிருந்து வந்தது?

ஹாப்சன்–ஜாப்சன் அதை வடமொழிக் 'கர்ஷ'த்தோடு இணைக்கிறது. கர்ஷம் ஓர் எடை; அந்த எடையிலிருந்து பெயர் பெற்ற பழைய நாணயம் கார்ஷாபணம், பாலியில் கஹாபணம். பண்டைப் பாரசீகத்திலும் கர்ஷ என்ற எடை உண்டு. எடையின் பெயர் நாணயத்துக்கு வருவதும், வடமொழி ஒலிக்கூட்டு பிராகிருதம் வழியாக எளிமைப்பட்டுத் தெற்கே வருவதும் நடக்கக்கூடியவைதான்.

எதிர்ப்பக்கம் சங்க இலக்கியத்தைக் காட்டலாம். அங்கே காசு கடைத்தெரு நாணயமாகத் தோன்றுவதைவிட அணிகலனாகவே தோன்றுகிறது. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் கிளி அலகில் பற்றிய வேப்பம்பழத்தைக் காட்டுகிறார். புதிய நூலில் கோப்பதற்காகக் கூரிய நகங்களுக்கிடையே பிடித்த ஒற்றைப் பொற்காசு போல அது இருக்கிறதாம். மேகலையில் கோத்த மணிக்கும் காசு என்றே பெயர். பெண்களின் கழுத்தில் இன்றைக்கும் காசுமாலை இருக்கிறது. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு அமைத்த இலக்கணிகளுக்கும் அது நாவில் புழங்கிய எளிய சொல்லாகவே இருந்திருக்கிறது. கோக்கும் மணி, கோக்கும் பொன், பிறகு செலவழிக்கும் நாணயம் என்ற வரிசை சரியென்றால், எடையிலிருந்து பிறந்த கர்ஷத்தை அதற்குத் தாயாக்குவது கடினமாகும். நாணயம்தான் முதலில், நகை பிறகு என்று நிறுவ முடிந்தால் கர்ஷத்தின் பக்கம் வலுக்கும். பழந்தமிழ் நூல்களிலும் கல்வெட்டுகளிலும் காசு வரும் இடங்களைக் கால வரிசையில் அடுக்கி, எங்கே மணி, எங்கே பொன், எங்கே நாணயம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வழக்கில் மிஞ்சியிருக்கும் வேலை.